குமிழி நின்ற பதினோராம் நாள்

கூடப்பிறக்காத குறை ஒன்றைத் தவிர மற்ற எல்லாமாகவும் இருந்த மச்சான் செல்லத்துரைக்கு,

நலமா என்று எழுதக் கை வருகிறது. யாரிடம் கேட்பது? டூட்டி பஸ்ஸில் உட்கார்ந்தவாக்கிலேயே நீ போய்ச் சேர்ந்து, வருகிற வெள்ளியோடு ஒரு வருஷம். உன் கட்டிலில் இப்போது கோபால் என்று ஒரு பீகார்க்காரன். நல்லவன்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

உன் நினைவுக்காக நம் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் எட்டுப் பேரை வெள்ளிக்கிழமை ரூமுக்கு அழைத்திருக்கிறேன். நாம் ரூமிலேயே திருட்டுத்தனமாகப் போடும் பீர்தான் விருந்து. இந்த புஜைரா துறைமுகத்தில் என் கைப்பக்குவத்துக்கு ஈடில்லை என்பது உனக்கே தெரியும். ஒரு கப்பல் கேப்டன் குடித்துப் பார்த்துவிட்டு நார்வேக்கு வா என்று என்னைக் கூப்பிட்டானே! சிரிக்காதே. நான் சொல்லிச் சொல்லி இப்போது அது மூன்று கேப்டன்கள் ஆகிவிட்டது.

நீ போன பிறகு நான் போடும் முதல் கேன் இது. தண்ணீர் கேனில் முளைகட்டிய பார்லி மால்ட், சர்க்கரை, ரொட்டி ஈஸ்ட் எல்லாம் நீ போடும் அளவுதான். புளித்து முடிந்தால் நிற்கவேண்டிய குமிழி, பதினோராம் நாள் கேன் மூடியில் செருகிய டியூபில் நின்றது. பக்கத்து ரூம் முருகேசன் எட்டிப் பார்த்தான்.

“கலாஸ், முடிஞ்சுது சித்தப்பு! பாட்டில்ல ஊத்துங்க.”

“டேய், எனக்கே சொல்லித் தர்றியா? ஜெர்மன்காரனுக்கே கிளாஸ் எடுத்தவன்டா நான்.”

“அப்ப முடிஞ்சிருச்சா, இல்லையா? அதைச் சொல்லுங்க.”

கேனில் காதை வைத்துப் பார்த்தேன் மச்சான். புளித்து முடியாமல் பாதியில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். சத்தம் கேட்டு கேம்ப் பாஸ் வந்தால் நான் அடுத்த விமானத்தில் ஊருக்கு.

நம் வழக்கம் நினைவிருக்கிறதா? முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஆளுக்கொரு வாய் குடித்து, ஒரே நேரத்தில் சொல்வோம். இரண்டு பேரும் இனிப்பில்லை, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிட்டது என்றால்தான் பாட்டில். நான் எப்போதும் குமிழி நின்ற அன்றைக்கே இனிப்பில்லை என்பேன். நீ, “இன்னும் இருக்கு மச்சான்” என்பாய். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கோபாலைக் கேட்டுப் பார்த்தேன். “ஒரே வாய் பாய், துப்பிடு.”

“நஹீ சாச்சா. மா கி கசம்.” குடிப்பதில்லை என்று தாய் மேல் சத்தியம் செய்திருக்கிறானாம். வற்புறுத்தவா முடியும்?

உன் கட்டில் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தனியாகக் குடித்தேன். “இனிப்பில்லை” என்று சத்தமாகவே சொன்னேன். பிறகு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எதற்கு நின்றேன் என்று உனக்குத் தெரியாதா? ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மறுநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது ஏசியை அணைத்தேன். குளிரில் ஈஸ்ட் தூங்கிப்போகும், குமிழியை நம்பக்கூடாது என்று கண்டுபிடித்தது நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கண்டுபிடித்தவன் நீ. சாயங்காலம் கதவைத் திறந்தால் அனல். அந்த அனலுக்குள் பொளக், பொளக் என்று டியூப் பேசிக்கொண்டிருக்கிறது! முந்தின நாளே பாட்டிலில் ஊற்றியிருந்தால்? என் நாக்கு இத்தனை வருஷமும் அவசரத்தில் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்ததா மச்சான்?

இந்தக் குமிழி வெள்ளிக்கிழமைக்குள் அடங்காது. “என்ன மாஸ்டர், தோத்துட்டீங்களா?” என்கிறான் முருகேசன். விருந்துக்குப் பரோட்டாவும் டீயும்தான் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு எட்டுப் பேர் முன்னாலும் ஒன்று சொல்வேன், சத்தியம். அவர்கள் இதுவரை குடித்த ஒவ்வொரு பாட்டிலும் நீ சரி என்ற பிறகு ஊற்றியது. நான் மூடி போட்டவன், அவ்வளவுதான். மூடி போடுவதில் என்னை மிஞ்ச வளைகுடாவிலேயே ஆள் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே.

பதில் சொல்ல ஆளில்லாமல் நிற்கும் உன் மச்சான்,
தங்கவேலு