ராகேலம்மா என்று பேர் வைத்த கல்

புதுக்கடை,
1934 அக்டோபர்.

என் மகன் ஜெயசிங்குக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் தங்கையும் சுகமாக இருக்கிறோம், பர்மாவில் நீயும் அப்படியே இருக்க விளக்கு வைக்கும்போதெல்லாம் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முட்டுவலி தேவலை. செவலைப்பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

உன் கடிதத்தைப் பிரிக்காமலே மாதர் ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் அக்கரையிலிருந்து எழுதுவதை அங்கே எல்லார் முன்னாலும் வாசிப்பதுதானே வழக்கம். நீ வேலைபார்க்கும் சுண்ணாம்புக்கல் குகைக்குள் நம் கோயிலைப்போல் பத்துக் கோயில் கொள்ளும், கூரையிலிருந்து கல் விழுதுவிட்டுத் தொங்கும், வேடிக்கை பார்க்க வருகிற துரைமாருக்கு நீதான் விளக்குப் பிடித்து வழிகாட்டுகிறாய் என்று வாசித்தபோது எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அங்கே வழிகாட்டுகிறவர்களே கல்லுக்குப் பேர் வைப்பீர்களாம், யானை, தொட்டில், திரைச்சீலை என்று நீ வைத்த பேர்களைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வரியில், பிள்ளையை இடுப்பில் வைத்தவளைப்போல் நிற்கிற பெரிய கல்லுக்கு ராகேலம்மா என்று பேர் வைத்தேன், எங்கள் விடுதியில் சமைக்கிற தமிழ் விதவையின் பேர் அது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்தான் கஞ்சி தந்து பார்த்துக்கொண்டார், ஆராய்ச்சிக்கு வந்த துரையும் அந்தப் பேரையே குகையின் வரைபடத்தில் எழுதிக்கொண்டார் என்று இருந்தது. வாய் அதுபாட்டுக்கு வாசித்துவிட்டது. அடுத்த வீட்டு ஜெபகனி விடுவாளா, "ஏட்டி தேவகனி, அவனப் பெத்தது நீயா அவளா?" என்று கேட்டுவிட்டாள்.

எனக்குப் பொறாமைதான் மக்கா, மறைக்கவில்லை. உனக்கு அம்மை போட்டபோது பாயைவிட்டு எழாமல் பக்கத்தில் கிடந்தவள் நான். எனக்கு ஒரு கூழாங்கல்லுக்காவது பேர் வைத்தாயா? அவள் மீன்கறி நம் வீட்டுக் கறிபோலவே இருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறாய். தேங்காய் அரைக்கிற பக்குவம் அவளுக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லிக்கொடுத்திருப்பாய்.

பேரை மாற்று என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கல்லோடு மல்லுக்கு நிற்கிறாயே என்று அப்பா சிரிக்கிறார். சரி, கல்லுக்கு அந்தப் பேரே இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவது சந்தேகம் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் கூடாது. நீ வந்து ஜெபகனி கண்முன்னால் என்னோடு கோயிலுக்கு நடக்க வேண்டும்.

உன் மாமா ஞானதாசன் அடுத்த வாரம் கப்பலேறுகிறார், அவர் கையில் சுக்குக் கருப்பட்டி இரண்டு பொட்டலம் தருகிறேன். பெரியது ராகேலுக்கு. குகை ஈரத்தில் நின்றுவிட்டுத் தலை துவட்டாமல் படுக்காதே. கர்த்தர் உன்னை எந்த இருட்டிலும் கைவிடாதிருப்பாராக. பொட்டலத்தைக் கொடுக்கும்போது எங்கள் அம்மா தந்தது என்று சொல்ல மறக்காதே. இனி அவளை அக்கா என்று கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவகனி