வாபஸ் போன கறுப்புக் கண்ணாடிகள்

மார்ச் 9

இன்றும் ஒரு பெட்டி வந்தது. அக்கா இணையத்தில் வாங்கிய மூன்றாவது கறுப்புக் கண்ணாடி. பெட்டியின் மேல் ‘உலகமே உங்களைத் திரும்பிப் பார்க்கும்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எழுதிய புத்திசாலிக்கு எங்கள் அக்காவைத் தெரியாது. ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இவள் வாங்குகிறாள்.

போன மாதம் ஒரு காலையில் அவள் முகத்தின் இடது பக்கம் செயலற்றுப் போனது. வாய் கோணிவிட்டது. இடது கண் மூட மறுக்கிறது. நரம்பு வீக்கம், மெல்லச் சரியாகும் என்கிறார் டாக்டர். அதுவரை அக்கா வாசலைத் தாண்ட மாட்டாளாம். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. ஏப்ரல் முதல் தேதி வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் கறுப்புக் கண்ணாடியோடு போய் உட்காரப் போகிறாள். கட்டடத்துக்குள் என்ன வெயில் அடிக்கிறது?

போட்டுப் பார்த்தாள். "ஓரமா கண்ணு தெரியுதுடி. திருப்பிக் குடுத்துட்டு வந்துடு."

வீட்டுக்கு வந்து எடுத்துப்போகக் கட்டணம் உண்டு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் இலவசம். இலவசம் என்றால் நான்.

மார்ச் 10

அந்தக் கடையைப் போல ஒரு அசட்டு இடத்தை நான் கண்டதில்லை. சுவரெங்கும் கண்ணாடி மாட்டிய பொய்த்தலைகள். ஒன்றுக்கும் மூக்கைத் தவிர வேறு அடையாளம் இல்லை. அவற்றுக்கு நடுவே நிஜத்தலைகள் உதட்டைக் குவித்துப் படம் எடுத்துக்கொள்கின்றன.

வாபஸ் வாங்கும் மேசையில் ஒரு பெண்மணி. கையில் இருக்கும் கருவி ‘கீச்’ என்று கத்தினால்தான் அவளுக்கு உயிர் வரும். கீச்சுராணி என்று பெயர் வைத்திருக்கிறேன். மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு தடவையாவது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருப்பாளா?

"காரணம்? அளவா, நிறமா, மனசு மாறிடுச்சா?"

"கண்ணு தெரியுது."

"கண்ணாடி போட்டா கண்ணு தெரியாம?"

கீச்.

மார்ச் 17

நான்காவது. இதில் அவள் ஈ மாதிரி இருக்கிறாள் என்று சொன்னேன். வாபஸ்.

மார்ச் 24

ஐந்தாவது வந்தது. முகத்தில் பாதியை மூடுகிறது. ஆனால் அவ்வளவு இருட்டு. சமையலறைக் கதவில் முட்டிக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன்.

"வெளியில உக்காந்து வேடிக்கை பாக்கறவளுக்கு என்ன? உன் மூஞ்சி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு, சிரிப்பே."

"இத்தனை கண்ணாடிக்குச் செலவழிச்ச நேரத்துல முகப்பயிற்சி செஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"போடி புத்தகப்புழு!"

அம்மா இரண்டு பேரையும் திட்டினாள். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னது சரிதானே? சரியானதைச் சொல்லிவிட்டு ஏன் இப்படி இருக்கிறது?

மார்ச் 26

கீச்சுராணி ஐந்தாவதை வாங்க மறுத்துவிட்டாள். ஒரே கணக்கில் இத்தனை வாபஸ் வந்தால், வாங்கியவரே அடையாள அட்டையோடு வர வேண்டுமாம்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லைங்க."

"சரியானதும் வரட்டும். நாளன்னிக்கு வரைக்கும்தான் கெடு."

சரியாகிவிட்டால் கண்ணாடி எதற்கு, வாபஸ் எதற்கு? கல்லுக்கு வாய் வைத்தால் இப்படித்தான் பேசும்.

மார்ச் 28

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

அக்கா கிளம்பினாள். தலையில் துப்பட்டா, முகத்தில் அந்த இருட்டுக் கண்ணாடி. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

மேசையில் பெட்டியை வைத்தோம். கீச்சுராணி திறந்தாள். காலி.

"பொருள் எங்கம்மா?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளியே வருவதற்கு வேறு கண்ணாடி இல்லை என்று, திருப்பிக் கொடுக்க வேண்டியதையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்!

பின்னால் வரிசை. போய்விடலாம் என்று அவள் கையை இழுத்தேன். அவள் அசையவில்லை. பிறகு மெதுவாகக் கழற்றி, அடையாள அட்டையோடு மேசையில் வைத்தாள்.

கீச்சுராணி நிமிர்ந்தாள். முதல் முறையாக. அட்டையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி அட்டையை.

"கார்டு அடுத்த மாசம் காலாவதியாகுது. புதுசு எடுத்துடுங்க." கீச். "அடுத்தவங்க வாங்க."

அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "என்னடி இவ? ஒண்ணுமே கேக்கல! ஒரு மாசமா நான் ரூமுக்குள்ள கிடந்து அழறேன், இவளுக்கு கார்டு தேதிதான் பெருசா போச்சா?"

"அவ அப்படித்தான்க்கா. ஜடம்."

"நல்ல ஜடம்டி." பாதி வாயால் சிரித்தாள். வீடு வரை வெறும் முகத்தோடு வந்தாள். வழியில் இரண்டு பேர் பார்த்தார்கள். நான் அவர்களை முறைத்தேன்.

ஏப்ரல் 1

வேலைக்குக் கிளம்பிய அக்காவோடு பேருந்து நிறுத்தம் வரை போனேன். முன்னால் நின்ற ஒரு பெண்ணின் தோளிலிருந்து ஒரு குழந்தை அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்தது. அக்கா வலது கண்ணால் கண்ணடித்தாள். குழந்தை கெக்கெக்கென்று சிரித்து, இன்னொரு முறை என்பதுபோல் எட்டிப் பார்த்தது. அக்கா மறுபடி கண்ணடித்தாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.