மூன்றாம் மாடியை விட்டு இறங்குவதாக இல்லை

“இந்த வயசுல எடை தூக்கி இடுப்பை ஒடிச்சுக்கிட்டா யாருடி பாக்கிறது?” என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினீர்கள். நான் உடற்பயிற்சிக் கூடத்துக்குத்தான் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

வயதானால் வலுவைவிட வேகம்தான் சீக்கிரம் குறையுமாம். “நாற்காலியிலேருந்து சட்டுனு எழுந்து பழகுங்கம்மா” என்கிறாள் பயிற்சி கொடுக்கும் பெண். நேற்று கையூன்றாமல் பத்து முறை எழுந்தேன். தினமும் நடக்கும் நீங்களோ மேசையைப் பிடித்துத்தான் எழுகிறீர்கள், கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

படி ஏற முடியவில்லை என்று வீட்டை விற்க நீங்கள் வரச்சொன்ன தரகர் பதினொரு மணிக்கு வருவார். விற்பதாக இல்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

பி.கு.: போன வாரம் எதிர்வீட்டுத் தையல்காரர் முட்டிவலி என்று, மகளின் படியே இல்லாத வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அவர் மனைவி போகவில்லை. என் பக்கத்தில் நின்று எடை தூக்குகிறாள்.