சார்ஜென்ட் கையைத் தூக்குகிறான்

அன்புள்ள பிரைடி,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். ஹோபார்ட் குளிரில் நீயும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். சார்ஜென்ட்டும் நன்றாக இருக்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேனே, அது பொய். உன் குரலைக் கேட்டுக்கொண்டு உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் உன் தாடி ஓணான் சார்ஜென்ட்டுக்குத் தோல் உரியத் தொடங்கி, விரல்களில் மட்டும் இறுகிக்கொண்டு கழன்று வரவில்லை. அப்படி ஒட்டிக்கொண்டால் ஊறவைத்துக் குளிப்பாட்டும் முறையை நீ எழுதி ஒட்டிய தாள் குளியலறைக் கதவில்தான் இருக்கிறது. தண்ணீரைப் பிடித்து ஆறவிட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்து, அவன் முட்டளவுக்கு மட்டும். ஓணானுக்குக் காய்ச்சல் பார்க்கிறாளா என்று அப்பா கேலி செய்தபோது நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு நேரமாகிவிட்டது, வெப்பமானியைத் தேடாமல் கையை விட்டுப் பார்த்தேன். பூமிக்கடியிலிருந்து கொதித்து வரும் நம் ஊர்த் தண்ணீரில் இருபது வருடமாகப் பாத்திரம் கழுவிய கை, பிரைடி. அதற்கு இதமாகத்தான் இருந்தது. இறக்கிவிட்ட நொடியில் தாடி கறுத்து வாயைப் பிளந்தான். தூக்கினால் வயிறெல்லாம் சிவப்பு. ஈரத்துண்டில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன், அப்பா இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினார். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், உனக்குத் தாங்குனா அவனுக்கும் தாங்குமா நரெல் என்று. கால்நடை மருத்துவர் மொய்ரா, பொழச்சுக்குவான், பின்னங்கால் சின்ன விரல் ஒண்ணுதான் தங்காது, நீ மொதல்ல அழறத நிறுத்து, அவன் மெரளுறான் என்றாள்.

இப்போது சாப்பிடுகிறான். நேற்று மூன்று கரப்பான். ஆனால் நான் அறைக்குள் வந்தால் வலது கையைத் தூக்கி மெதுவாகச் சுழற்றுகிறான். குட்டியாக இருந்தபோது அதைச் சல்யூட் என்று நினைத்துத்தானே அந்தப் பெயர் வைத்தோம். அது சல்யூட் இல்லம்மா, நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணாதேன்னு பெரிய ஓணான்கிட்ட கெஞ்சுறது என்று நீதான் பிறகு சொன்னாய். வளர்ந்ததும் விட்டுவிட்டான். இப்போது எனக்கு மட்டும் செய்கிறான், அப்பாவுக்கு இல்லை. அப்பாதான் மருந்து தடவுகிறார். நான் தினம் சாயங்காலம் கூண்டருகே தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

திட்டத் தோன்றினால் திட்டு. நீ எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் என் வேண்டுதல். படுக்கும் முன் ஹீட்டரை அணைக்க மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவன் எப்படி இருக்கிறான் என்று அப்பாவிடம் கேட்காதே, என்னிடமே கேள்.

உன் அம்மா,
நரெல்