முன்பக்கத்துப் புல்

அன்பு மகள் சுதாவுக்கு, தேக்காவிலிருந்து அப்பா. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், மொம்பாசாவில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், அந்த ஊர் அரசாங்கத்துக்கு யோசனை சொல்லி நீ கூட்டிவரும் முதல் வெளிநாட்டுக் கம்பெனி என்றாய். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் வாசலில் வைத்த வரவேற்புப் பலகையில் அந்தக் கம்பெனி முத்திரையாக இருக்கும் சிவப்புக் கொக்கைத் தெரியும். செம்பவாங் கப்பல்படைத் தளத்தை விட்டுப் போகிறோம் என்று வெள்ளைக்காரன் சொன்னதற்கு மறு வருஷம், மனுஷன் நிலாவில் இறங்கி, வருஷக் கடைசியில் வெள்ளமும் வந்ததே, அந்த வருஷம் இதே கொக்கு ஜூரோங்கில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் புல் பதித்தவன் நான். துரைமார் இடம் பார்க்க வருவதற்கு முதல் நாள், பின்பக்கம் வேணாம்லா, அவங்க காரு இந்தப் பக்கந்தான் வரும் என்றார் மேஸ்திரி தனசேகரன். வளர்ந்த மரங்களை லாரியில் கொண்டுவந்து மும்மூன்று கம்பு கட்டி நிறுத்தினோம். உன் போட்டோவிலும் மரத்துக்கு மூன்று கம்பு, பின்பக்கத்தை நீ எடுக்கவில்லை.

குறை சொல்லவில்லை, அந்தக் கொக்கு நமக்குச் சோறு போட்டது. உன் அம்மா ரத்தினம்மா பதினாறு வருஷம் அங்கே ரேடியோவுக்குக் கம்பி பற்றவைத்தாள், அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் இன்றைக்கு நீ அவர்களுக்கே பத்து வருஷம் வரி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறாய். நம் ஊரிலும் வரி இல்லாத காலம் முழுக்கத் தீபாவளிக்குப் பிஸ்கட் டின் வந்தது, வரி கட்டும் காலம் வந்ததும் இந்த ஊர் அவ்வளவு சரியில்லை என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை கேட்டில் பூட்டும் ஒரு இங்கிலீஷ் காகிதமும் இருந்தன. அம்மா வரிசையில் பதினோரு பேர், படிக்கத் தெரிந்தது உம்மு சல்மாவுக்கு மட்டும். இன்றிலிருந்து வேலை இல்லை என்று படித்தாள். இன்னொரு தடவ படிடி, சரியாப் படி என்றாள் உன் அம்மா. மூன்று தடவை படித்தும் அதுவேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றாய். அதற்குள் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடு, போவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே, அந்த ஊர்ப் பாஷையில், வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். துரைமார் கோபித்துக்கொண்டு வராமல் போய்விடுவார்கள் என்று உன் மேலதிகாரி பயப்படுவார், அது அவ்வளவு ரோஷமுள்ள கொக்கு இல்லை என்று சொல்.

எல்லாச் செல்வமும் பெற்று நன்றாக இரு. விருந்தாளி போன பிறகும் அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல மறக்காதே.

உன் அப்பா அய்யாக்கண்ணு, கைநாட்டு.

அவர் சொல்லச் சொல்ல எழுதியவள், அந்தப் பதினோரு பேரில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒருத்தி, உம்மு சல்மா.