இங்கன ஒரு கை இருக்கு

சின்னமனூர்,
8-6-1968

அன்புள்ள ஜெபராணிக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ஹாஸ்டலில் தங்க வருகிறவர்கள் அம்மை குத்திக்கொண்டுதான் வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். குத்திக்கொண்டேன். போன வாரம், பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில். இருபத்திரண்டு வயதில் முதல் தடவை. ஒரு சொட்டு அம்மைப்பால், பல் வைத்த ஒரு சின்ன வட்டத் தகடு, ஒரு திருகு. அவ்வளவுதான். குத்திய வைகுண்டராஜ் என்பவர் வரப்போவதையெல்லாம் முன்பே சொன்னார். கை வீங்கும், காய்ச்சல் வரும், சொறியக் கூடாது. வந்தால்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் வராவிட்டால் மறுபடி வா என்றார்.

வந்திருக்கிறது. நடுவில் குழி விழுந்த கொப்புளம் ஒன்று. சுற்றிலும் கை கன்றிச் சிவந்திருக்கிறது. அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. நேற்றிலிருந்து காய்ச்சல். இதெல்லாம் பரவாயில்லை.

பிரச்சினை அம்மா. அவளிடம் சொல்லாமல் குத்திக்கொண்டேன். நேற்று தலை பின்னிவிடும்போது தாவணி விலகி, கொப்புளத்தைப் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பாதிச் சடையை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் கூப்பினாள். என்னைப் பார்த்து.

இப்போது வாசல் நிலையில் வேப்பிலை தொங்குகிறது. அடுப்பில் தாளிப்பு இல்லை. வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. அப்பா அந்த நேரத்தில் கடையில் இருந்ததால் அங்கேயே இருந்துகொள்ள உத்தரவு. பருத்திக்கொட்டை மூட்டைகளின் மேல் தூங்கிவிட்டு, பின்வாசலில் நின்று கஞ்சி குடித்துவிட்டுப் போகிறார். நான் படி தாண்டக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை நாள் விட்டு நாள் தலைக்கு ஊற்றுவார்கள். பொருக்கு உதிர்ந்த பிறகுதான் முதல் தண்ணீர் என்கிறாள். பொருக்கு உதிர இந்த மாதம் முடிந்துவிடும். நான் பதினேழாம் தேதி காலை மெட்ராஸில் உங்கள் காலேஜில் விரிவுரையாளராக வேலை ஏற்க வேண்டும்.

உங்கள் காலேஜுக்காகக் குத்திக்கொண்டேன். குத்திக்கொண்டதால் உங்கள் காலேஜுக்கு வர முடியவில்லை. முதல் தர்க்க வகுப்பில் இதை உதாரணமாகச் சொல்லலாம். வகுப்பு கிடைத்தால்.

சண்டை போட்டுப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. இது ஊசியால் வந்தது அம்மா என்றேன். சரி தாயி என்றாள். நான் பூமாரி, அம்மா என்றேன். அதுக்கும் சரி தாயி என்றாள். சாமியோடு யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். என் பேச்சு அவள்மேல் படுவதே இல்லை.

எதிர்வீட்டு ஜெய்த்தூன் பீவி தெருவில் நின்று, ஏ பாண்டியம்மா, ஒம் மகமேல எறங்கியிருக்கது ஆத்தாவா, சர்க்காரா என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. ஆத்தா சிரிச்சிட்டா, கோவமில்ல என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிரின்சிபாலைப் பார்த்து இரண்டு வாரம் தவணை கேள். தந்தி கொடு. நான் வருவேன். எப்படி என்றுதான் இன்னும் தெரியவில்லை.

உன்,
பூமாரி

-

சின்னமனூர்,
11-6-1968

அன்புள்ள ஜெபா,

தந்தி கிடைத்தது. திங்கட்கிழமைக்குமேல் ஒரு நாள்கூட இல்லை. அடுத்த ஆள் தயாராக இருக்கிறாள். புரிந்தது.

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் கழுத்தில் இன்னொரு கொப்புளம். சிறியது. நேற்று காலையில் இல்லை, மாலையில் இருந்தது.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புத்தகங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. கண்ணாடியில் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். நிஜமாகவே அம்மையாக இருந்தால்? அதோடு பஸ்ஸில் ஏறி, ரயிலில் ஏறி, நூறு பெண்கள் தூங்கும் ஹாஸ்டலுக்கு வந்தால்? இது தெளியாமல் நான் வரமாட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கு ஒரு அக்கா இருந்தாள். ராமுத்தாய். ஆறு வயது. நான் அப்போது கைக்குழந்தை. ஊரில் அம்மை பரவியபோது குத்துகிறவர்கள் வந்தார்கள். அக்காவுக்குக் குத்தினார்கள். இரண்டு மூன்று நாளில் அவளுக்கு உடம்பெல்லாம் போட்டுவிட்டது. அப்பா பயந்து, அம்மா தடுக்கத் தடுக்க, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பாதி வழியில் திரும்பி வந்தார்கள்.

இந்தக் கதையை அம்மா என்னிடம் முழுதாகச் சொன்னது நேற்றுதான். என்னிடம் என்று சொல்ல முடியாது. என்மேல் இருக்கிறவளிடம். ஊசி போட்டாக, நீ வந்த, படி தாண்டினோம், எடுத்துக்கிட்ட. கோவமில்ல தாயி, ஆனா இந்தத் தடவ படி தாண்ட விடமாட்டேன் என்றாள். விசிறிக்கொண்டே சொன்னாள். குரல் உயரவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்குள் குத்துகிறவர்கள் வந்தால் என்னை மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுவாள். விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

ஜெபா, அவள் மூடநம்பிக்கைக்காரி என்று இத்தனை நாளும் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அப்படி இல்லை. அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். முதலில் ஊசி, பிறகு கொப்புளம், பிறகு படி, பிறகு சாவு. இப்போது அதே வரிசையில் மூன்றாவது இடத்தில் நான் நிற்கிறேன். அவளை மறுக்க என்னிடம் எம்.ஏ. இருக்கிறது. அவளிடம் ஒரு பிள்ளை இருந்தாள்.

இன்று அப்பா பின்வாசலில் கஞ்சிக் கும்பாவோடு நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார். ஒங்கம்மா வெள்ளன வாய்க்காலுக்குத் துணி அலசப் போவா, அந்த நேரம் பின்னாடி வழியா வந்துரு, நான் பஸ் ஏத்திவிட்டுர்றேன், பெறகு நான் பேசிக்கிறேன் என்றார். ஏற்கனவே ஒரு தடவை நீங்கள் பேசிக்கொண்டதுதானே அப்பா என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். 

பின்வாசல் வழியாகப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் போன பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். மெட்ராஸில் எனக்கு ஒரு தலைவலி வந்தால்கூட அது அவள் துணி அலசப் போனதால் வந்ததாகிவிடும். அந்தக் கனத்தை அவள்மேல் வைத்துவிட்டு என்னால் தர்க்கம் சொல்லித்தர முடியாது.

முன்வாசல் வழியாக வருவேன். அவள் பார்க்க வருவேன். திங்கட்கிழமை வருவேன்.

வைகுண்டராஜை வரச் சொல்லும்படி ஜன்னல் வழியாக ஜெய்த்தூன் பீவியிடம் சொல்லியிருக்கிறேன். வந்து என்னைப் பார்த்துச் சொல்லட்டும். அம்மையென்றால் இங்கேயே கிடக்கிறேன். வேலையும் போகட்டும். இல்லையென்றால் போயே தீருவேன்.

உன்,
பூமாரி

-

சின்னமனூர்,
15-6-1968

அன்புள்ள ஜெபா,

இந்தக் கடிதமும் நானும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்வோம். நேரில் இதைச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று வைகுண்டராஜ் வந்தார். அம்மா உள்ளே விடவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அம்மா, கையில் வேப்பங்கொத்தோடு. அவருக்கு இது பழக்கம்போல. தாயி, ஓங்கி அடிக்கிறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க, கண்ணாடியக் கழட்டிக்கிறேன் என்றார்.

உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். உள்ளங்காலைக் காட்டச் சொன்னார். முகத்தை வெளிச்சத்தில் திருப்பச் சொன்னார். சொறிந்தாயா என்று கேட்டார். தூக்கத்தில் சொறிந்திருப்பேன் என்றேன். அந்தக் கையாலதான் கழுத்தத் தொட்டிருக்க, அங்கனயும் பால் பிடிச்சிருக்கு, இது ஒண்ணும் அம்மை இல்ல, காயவும் ஆரம்பிச்சிருச்சு, மூடிக் கட்டிக்கிட்டு எங்க வேணும்னாலும் போகலாம் என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அம்மா அசையவில்லை. ராமுத்தாய்க்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாக என்றாள்.

ராமுத்தாய் யார் என்று அவர் கேட்டார். அம்மா சொன்னாள். வரிசையாக, அதே நான்கு வாக்கியம்.  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அந்தப் பிள்ளைக்கு அம்மை முன்னாடியே உள்ள வந்திருக்கும்மா, வெளியே தெரியறதுக்கு முன்ன எங்காளுக குத்தியிருக்காக, நாங்க பிந்தி வந்துட்டோம் என்றார்.

அப்ப பிந்தி வந்தீக, இப்ப முந்தி வந்துட்டீகளாக்கும் என்றாள் அம்மா.

ஆமாம்மா, இப்ப முந்தி வந்திருக்கோம் என்றார் அவர்.  போகவில்லை.

 அம்மா வேப்பங்கொத்தை என் மடியில் போட்டாள். சேலையை ஒதுக்கிவிட்டு இடது கையை ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நீட்டினாள். இங்கன ஒரு கை இருக்கு, இதுல குத்துங்க என்றாள்.

ஒங்களுக்கு எதுக்கும்மா, நீங்க எங்கயும் போகலையே என்றார் அவர்.

போகலைல, அதான் என்றாள்.

எனக்கு அப்போது புரியவில்லை. அவர் பையைத் திறந்தார், ஒரு சொட்டு வைத்தார், தகட்டை வைத்துத் திருகினார். அம்மா கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்த்தாள். இவ சின்னப் புள்ள, ஊரு ஊரா போறவ, ஒனக்கு இவ சரிப்பட மாட்டா. நான் இருக்கேன். வீட்ட விட்டு எங்கயும் போகமாட்டேன். எங்கிட்ட வந்து இரு. எத்தன நாள் வேணும்னாலும் இரு. அவள விடு என்றாள்.

ஜெபா, நான் ஒரு வாரமாக அவளுடைய எண்ணத்தைத் தகர்க்க வழி தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தகர்க்கவில்லை. அதற்குள்ளேயே எனக்கு ஒரு வாசல் வைத்துவிட்டாள். அந்த வாசலில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

இன்று மூன்று தண்ணீரையும் ஒரே நாளில் ஊற்றினாள். காலை ஒன்று, உச்சி ஒன்று, சாய்ந்தரம் ஒன்று. மூன்றாவது செம்பு தலையில் விழுந்ததும் குளிரில் கத்தினேன். ஏண்டி, ஊரக் கூட்டுறியா, கழுத, ஒழுங்கா நில்லுடி என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. தண்ணீரில் தெரியவில்லை.

நாளை மாலை பஸ். முன்வாசல்.

உன்,
பூமாரி

-

மெட்ராஸ்,
20-6-1968

அன்புள்ள அப்பாவுக்கு,

பூமாரி வணக்கத்துடன் எழுதியது. திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன். ஜெபராணி ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். கை நன்றாக இருக்கிறது. கழுத்தில் இருந்தது காய்ந்துவிட்டது. இனி வருவதை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வேகமாக வாசிக்காதீர்கள்.

அம்மா, இது உன் கைக்குக் கிடைக்கிற நேரம் உனக்குக் காய்ச்சல் வந்திருக்கும். கை கனக்கும். அக்குளில் வலிக்கும். எனக்கு வந்ததைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். வந்தால் படுத்துக்கொள். நீ படுக்கமாட்டாய், தெரியும். எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாய், பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாய். உனக்கு யார் செய்வார்கள் என்று நான் கிளம்பும்போது கேட்கவே இல்லை. அப்பா, இப்போது அந்த வீட்டுக்குள் போகிற முறை உங்களுடையது. கடையை இரண்டு நாள் சாத்துங்கள். பின்வாசலில் நிற்காதீர்கள், உள்ளே போங்கள். அவள் தடுத்தால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

இங்கே என் வகுப்பில் நாற்பது பெண்கள். ஒருத்தி என் கையில் இருக்கும் கட்டைப் பார்த்து என்ன மேடம் என்று கேட்டாள். அம்மை குத்தியது என்றேன். வலித்ததா என்றாள். எனக்கு இல்லை என்றேன். அதற்குமேல் அவளுக்கு விளக்கவில்லை.

அம்மா, நீ அன்று ஜன்னலில் நின்று கேட்டதை நான் மறுத்துப் பேசவில்லை. பேசவும் மாட்டேன். ஆனால் எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்று சொன்னாயே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காய்ந்ததும், உன்னிடம் வந்திருக்கிறவள் உன்னை விட்டுப் போய்விட வேண்டும். உன்னை எழுப்பி நிறுத்திவிட்டுப் போக வேண்டும். தினமும் காலையில் ஹாஸ்டல் மாடியில் நின்று, தெற்குப் பக்கம் பார்த்து, அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடம் என்று கேட்காதே.

உன் மகள்,
பூமாரி