இரைச்சல் இருக்கிற பொட்டி

ஏனுங்க,

இன்னிக்கு கித்தார் சத்தம் வர்ற உங்க பெரிய பொட்டியைப் போட்டதும் சூடேறின தூசி வாசம் வந்துச்சுங்க. வாசல்ல மிளகு காயுது. ரெண்டு வாசமும் கலந்து ஊட்டுக்குள்ள நிறைஞ்சதும், நீங்கதான் கித்தாரை மடியில வெச்சு உக்காந்திருக்கீங்கன்னு எட்டிப் பாத்துட்டேன். உக்காந்திருந்தது அடிவாரத்து பாய் அண்ணன். உங்ககூட வாசிச்சவரு. நீங்க போன பின்னால இன்னிக்குத்தான் மலையேறி வந்தாரு.

"நாங்க பதிஞ்ச பாட்டு பாதியில நிக்குது தங்கச்சி. எந்தப் பொட்டியில வாசிக்கறதுன்னு அவன் கடைசி வரைக்கும் எங்களுக்குச் சொல்லல. உங்கிட்டச் சொன்னானா?"

மிளகைக் கிளறி விடற சாக்குல வாசலுக்கு வந்துட்டேங்க.

ப்ரீஆம்ப் மாட்யூல்னு நீங்க சொல்லுவீங்க. எனக்கு அது பெரிய பொட்டிக்குள்ள சொருகற சின்னப் பொட்டி. ராக் பாட்டுக்கு ஒண்ணு, அதை விட முரட்டு மெட்டல் பாட்டுக்கு ஒண்ணு. ராக்குப் பொட்டி, மெதுவாத் தொட்டா மெதுவாப் பேசும், அழுத்தினா கரகரன்னு பேசும். மெட்டல் பொட்டி வளைவுல ஏறுற லோடு லாரியாட்டம் உறுமும். ஆனா நீங்க உள்ளங்கையைக் கம்பி மேல வெச்சதும் டக்குன்னு நிக்கும். மேலூட்டு அக்கா ஒருநாள் வந்து, "ஏம் புள்ள, உங்கூட்டுல மரம் அறுக்கறாங்களா?"ன்னு கேட்டுது. "ஆமாங்கக்கா, உங்களுக்கும் ரெண்டு பலகை வேணுமா?"ன்னு நீங்க உள்ளிருந்தே கத்துனீங்க.

அந்த ரெண்டுல எதுன்னு உங்களுக்கு ஒரு மிளகுப் பறிப்புக் காலம் பூரா தீரவே இல்லை. நான் மரத்துல ஏணி போட்டு மிளகு பறிச்சிட்டிருப்பேன். என்னை ஊட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நிக்கச் சொல்லுவீங்க. "பாத்தா கண்ணுதான் கேக்கும், காது கேக்காது அம்மணி" அப்படீம்பீங்க. மாத்தி மாத்தி வாசிப்பீங்க. நான் ஏணியில நின்னுக்கிட்டு, "மொதல்தே நல்லாருக்குதுங்க"ன்னு கத்துவேன்.

மொத தடவை நான் சொன்னதை அப்படியே நம்பிட்டீங்க. அப்புறம் பாத்தா, அந்தப் பொட்டியில சத்தத்தைக் கூட வெச்சிருந்தீங்க. தலையில அடிச்சிக்கிட்டீங்க. "சத்தம் பெருசா இருந்தா எதுவும் நல்லாருக்கற மாதிரித்தான் தோணும். ரெண்டையும் சமமா வெச்சுத்தான் கேக்கோணும்." அதுக்கப்புறம் குமிழைத் திருகி, சமமாக்கிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவீங்க.

மெட்டல் பொட்டியில ஒரு கோளாறு. நீங்க வாசிக்காதப்பவும் அது சும்மா இருக்காது. தூரத்துல மழை வர்ற மாதிரி ஸ்ஸ்னு இரைஞ்சிக்கிட்டே இருக்கும். அதைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க. எனக்கு அந்தச் சத்தம் கேட்டா, நீங்க உள்ள உக்காந்து யோசிச்சிட்டிருக்கீங்கன்னு அர்த்தம். நான் பாட்டுக்கு மிளகு பறிப்பேன்.

கடைசியில ஒருநாள் வெளிய வந்து ஏணியைப் புடிச்சிக்கிட்டு, "மெட்டல்தான் அம்மணி. இரைஞ்சா இரையட்டும்"னு சொன்னீங்க. பாய் அண்ணன்கிட்டச் சொல்றதுக்கு முன்னால நெஞ்சு வலி வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி வளைவெல்லாம் இறங்கி முடிக்கறதுக்குள்ள, எம் மடியிலயே போயிட்டீங்க.

இன்னிக்கு அண்ணன் மெட்டல் பொட்டியைச் சொருகினாருங்க. வாசிக்கறதுக்கு முந்தியே ஸ்ஸ்னு வந்துச்சு. அத்தனை நாள் கழிச்சு நீங்க ஊட்டுல இருந்தீங்க. உண்மையைச் சொன்னா, பாட்டை முடிக்க அது அண்ணன்கூட மலையிறங்கிப் போயிரும். ராக்குப் பொட்டின்னு சொல்லிட்டா எங்கிட்டவே இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது? பொய் நாக்கு நுனிக்கு வந்திருச்சுங்க.

"ரெண்டையும் வாசிக்கறேன், கேட்டுச் சொல்லு தங்கச்சி"ன்னாரு. நான் வழக்கம்போல மரத்தடியில போய் முதுகைக் காட்டி நின்னேன். வாசிச்சாரு.

"அண்ணா, ரெண்டும் சமமா இல்லீங்க. ரெண்டாவது சத்தம் கூட இருக்குது."

திரும்பிப் பாத்தா கித்தார் மேல தலையைச் சாய்ச்சு அழுதுக்கிட்டிருக்காரு. "அவனாட்டவே சொல்றயே"ன்னாரு. அப்புறம் எனக்குப் பொய் சொல்ல வாய் வரலீங்க.

"மெட்டல்தாங்கண்ணா. அவரே சொன்னாரு."

அந்தப் பொட்டியைக் கழட்டித் துண்டுல சுத்துனாரு. "இரைச்சலை மட்டும் பாட்டுல எடுத்திருவோம்"னாரு.

"எடுக்காதீங்கண்ணா. ஆரம்பத்துல கொஞ்சம் இருக்கட்டும்."

"கேக்கறவங்க கோளாறும்பாங்க தங்கச்சி."

"சொல்லட்டுங்க. அவரு வாசிக்கறதுக்கு முன்னால அப்படித்தான் இருப்பாரு."

அண்ணன் வண்டிச் சத்தம் அடங்கற வரைக்கும் வாசல்லயே நின்னேன். உள்ள வந்து மிச்சமிருக்கிற பொட்டியைச் சொருகிப் போட்டேன். விளக்கு எரிஞ்சுது. ஒரு சத்தமும் இல்லீங்க. நல்ல பொட்டிதான் அது. அணைச்சிட்டேன்.

மேக்காட்டு மரத்துல இன்னும் மிளகு பாக்கி இருக்குது. நாளைக்கு ஏணி போடோணும். ஊட்டுப் பக்கம் முதுகைக் காட்டித்தான் நிப்பேன். அப்படி நின்னே பழகிப் போச்சுங்க.